துத்தநாகக் காசு சேர்க்கத் தொடங்குபவருக்கு: ஆக்கிரமிப்புக் கால நெதர்லாந்தின் ஐந்து சில்லறைகள்

வெள்ளிக் காசு சேர்ப்பவர்கள் துத்தநாகக் காசை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சாம்பல் நிறம். மேசையில் போட்டால் கணீரென்று ஒலிக்காது. கடைக்காரர்களும் ‘உலக நாணயம், கலவை’ என்று எழுதிய கூடையில் கொட்டிவைத்திருப்பார்கள். ஆனால் இந்தப் பழக்கத்தில் புதிதாக இறங்குகிறவரிடம் நான் முதலில் எடுக்கச் சொல்வது இதைத்தான். விலை குறைவு, போட்டியும் குறைவு. அதோடு காசின் மேற்பரப்பைப் படிக்கும் கண் இந்த உலோகத்தில் பழகினால் சீக்கிரம் வந்துவிடும். வெள்ளியில் தேய்மானத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. துத்தநாகத்தில் தேயாத காசும் செத்துப்போயிருக்கலாம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பிடித்த பல நாடுகளில் துத்தநாகச் சில்லறை புழங்கியது: பெல்ஜியம், டென்மார்க், நார்வே, போலந்து, செர்பியா, பொஹீமியா-மொராவியா. எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கை வைத்தால் எதுவும் முடியாது. நெதர்லாந்திலிருந்து தொடங்குங்கள். 1941 முதல் 1944 வரை, ஐந்து மதிப்புகள், ஆண்டுவாரியாக எண்ணினால் மொத்தம் 15 காசுகள். அதில் 14 எளிதில் கிடைக்கும். மிச்சம் ஒன்றின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: எதற்குப் பதிலாக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மன் படைகள் 1940 மே 10 அன்று நெதர்லாந்துக்குள் நுழைந்தன. மே 15 அன்று சரணாகதி கையெழுத்தானது. அதற்குள் அரசி வில்ஹெல்மினா லண்டன் போய்விட்டார். அப்போது மக்கள் கையில் இருந்த சில்லறை இப்படி: 1 சென்ட்டும் 2½ சென்ட்டும் வெண்கலம். 5 சென்ட் செம்பு-நிக்கல் கலவை, சதுர வடிவம். 10 சென்ட்டும் 25 சென்ட்டும் வெள்ளி, அவற்றில் அரசியின் தலை. போர் என்றதும் எந்த ஊரிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. வெள்ளி பெட்டிக்குள் போய்விட்டது. நூறு சென்ட் கொண்ட குல்டனின் வெள்ளிக் காசுக்குப் பதில் ‘ஸில்வர்பான்’ என்ற காகிதச் சீட்டு புழங்கியது.

ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு அந்த உலோகங்கள் வேறு வேலைக்கு வேண்டியிருந்தன. செம்பு தோட்டா உறைக்கும் மின்கம்பிக்கும் போனது, நிக்கல் கவச எஃகுக்குப் போனது. தேவாலய மணிகளைக்கூட இறக்கி உருக்கக் கொண்டுபோனார்கள். துத்தநாகம் மட்டும் கொஞ்சம் தாராளம், ஏனென்றால் சிலேசியாவின் சுரங்கங்கள் ஜெர்மனியின் கையில் இருந்தன. ஜெர்மனி தன் சொந்த 1, 5, 10 பென்னிக் காசுகளையே 1940 முதல் துத்தநாகத்துக்கு மாற்றிவிட்டது. ஆக, அடிமைப்பட்டவனுக்கு மட்டும் மட்டக் காசு என்று இதை நினைத்துவிட வேண்டாம். பெர்லின்காரன் பையிலும் அதுதான் கிடந்தது.

(அதே போரில் மலாயாவில் ஜப்பானியர் இன்னும் கீழே இறங்கினார்கள். 1 சென்ட்டைக்கூடக் காகிதத்தில் அச்சடித்தார்கள். 10 டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர் விழுந்தது. பினாங்கு, ஈப்போப் பக்கம் வேருள்ள குடும்பங்களில் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவினால் ஓரிரண்டு கிடைக்கலாம்.)

இரண்டாம் படி: ஐந்து முகங்களையும் பழகிக்கொள்ளுங்கள்

காசுகளை அடித்தது உட்ரெக்ட் நகரின் அரசு நாணயச்சாலை. வடிவமைத்தவர் நிகோ த ஹாஸ். இடதுசாரித் தொழிலாளர் புகைப்பட இயக்கத்தில் தொடங்கி நாஜிகளின் பக்கம் போய்ச் சேர்ந்த புகைப்படக்காரர். அவர் யார் என்று தெரிந்தபிறகு காசுகளைப் பார்த்தால் படங்கள் வேறுமாதிரி பேசும்.

1 சென்ட் தான் ஆகச் சிறியது, 17 மில்லிமீட்டர். அதில் ஒரு சிலுவை. 2½ சென்ட் 20 மில்லிமீட்டர். அதில் இரண்டு அன்னங்கள். ஃப்ரீஸ்லாந்து மாநிலப் பண்ணை வீடுகளின் கூரை முகட்டில் வைக்கும் மரப்பலகையிலிருந்து எடுத்தது. 5 சென்ட், போருக்கு முந்திய காசைப் போலவே சதுரம். பக்கம் 18 மில்லிமீட்டர். அதில் இரண்டு குதிரைத் தலைகள், சாக்சன் பண்ணைக் கூரைகளின் முகட்டுச் சின்னம். 10 சென்ட்டில் துலிப் மலர்கள், 22 மில்லிமீட்டர். 25 சென்ட்டில் பழங்காலப் பாய்மரக் கப்பல், 26 மில்லிமீட்டர்.

ஸ்வஸ்திகா எங்கும் இல்லை, ஹிட்லரும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து ஏமாந்துபோவதுண்டு. நாஜிக் காசு என்றால் கழுகும் சின்னமும் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இல்லாததைப் பாருங்கள். அரசியின் தலை இல்லை. வெண்கலச் சென்ட்டில் வாளேந்தி நின்ற சிங்கம் இல்லை. பழைய சதுர 5 சென்ட்டில் ஒரு ஆரஞ்சுக் கிளை இருந்தது, ஆரஞ்சு என்பது அரச வம்சத்தின் பெயர், அதுவும் போய்விட்டது. அந்த இடங்களில் வந்து உட்கார்ந்தவை பண்ணை, கப்பல், பழைய ஜெர்மானியச் சின்னங்கள். நீங்களும் எங்கள் இரத்தம்தான், வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று டச்சுக்காரர்களிடம் சொல்வதுதான் அன்றைய நாஜிக் கொள்கை. அதைச் சில்லறையில் சொல்லியிருக்கிறார்கள். மக்களில் சிலர் பதிலும் சொன்னார்கள்: வில்ஹெல்மினா தலை உள்ள பழைய வெள்ளிக் காசைச் சட்டை ஊசியாகச் செய்து குத்திக்கொண்டார்கள்.

ஐந்தில் எனக்குப் பிடித்தது சதுரக் காசு. வடிவமைத்தவனைப் பிடிக்காது, காசு பிடிக்கும். இந்தச் சேகரிப்பில் இந்தச் சங்கடம் உங்களுக்கும் வரும்.

மூன்றாம் படி: கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், வளைக்கக்கூடிய மேசை விளக்கு. கையில் வியர்வை அதிகமென்றால் பருத்திக் கையுறை. இவ்வளவு போதும்.

நான்காம் படி: மேற்பரப்பைப் படிக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். செம்பில் களிம்பு ஏறும், இரும்பில் துருப் பிடிக்கும். துத்தநாகம் வெள்ளை பூக்கும். மூன்றும் ஒன்றல்ல.

புதிதாக அடித்த துத்தநாகக் காசு லேசான நீலம் கலந்த வெள்ளையாக மின்னும். காற்று பட்டதும் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு, கார்பனேட் படலம் உண்டாகி மங்கலான சாம்பல் நிறத்துக்கு வரும். இந்தப் படலம் கெடுதல் அல்ல, காசைக் காப்பதே அதுதான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் ஒரே சீராக இருந்தால், எழுத்துக்கும் தளத்துக்கும் நடுவே திட்டு இல்லாமல் இருந்தால், நல்ல காசு. பழைய நீல மினுக்கம் எழுத்துகளின் இடுக்கில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. விலையும் சட்டென்று ஏறும்.

வெள்ளைப் புள்ளிகளோ உப்புப் பூத்தது போன்ற பொடியோ இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஈரம் பட்டு, காற்றோட்டமில்லாமல் அடைந்து கிடந்த காசு அது. பொடியைத் தட்டிவிட்டால் அடியில் குழி இருக்கும். அந்தக் குழி திரும்ப நிரம்பாது. கரும்புள்ளிகளும் அப்படித்தான், லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளியின் நடுவில் உலோகம் அரித்திருக்கும். ஒன்றிரண்டு சிறு கரும்புள்ளிகள் இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன், எண்பது வயதுக் காசு. வெள்ளைப் பொடியை மட்டும் பொறுக்கமாட்டேன். அரிப்பு இன்னும் ஓயவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாவற்றையும்விட மோசமானது பளபளப்பான காசு. எவர்சில்வர் டம்ளர் மாதிரி வெள்ளையாக, எல்லா இடமும் ஒரே அளவில் மின்னினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். இயல்பான மினுக்கம் காசைச் சாய்க்கும்போது நகரும், தேய்த்த மினுக்கம் நின்ற இடத்தில் நிற்கும். ஐம்பது மட்டமான காசை இப்படிச் சாய்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கைக்கு வந்துவிடும். அதனால்தான் முதலில் மட்டமானதை வாங்கச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: வாங்குவது

முதல் கொள்முதல் ஒரு கலவை லாட்டாக இருக்கட்டும். புழங்கித் தேய்ந்த காசுகள் ஓரிரு யூரோவுக்குள்ளேயே தனித்தனியாகவும் கிடைக்கும். ஆனால் லாட்டில் வாங்கினால் நல்லதும் கெட்டதும் அருகருகே கையில் இருக்கும், கண் பழகும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்கினால் தபால் செலவு காசின் விலையைத் தாண்டும், சுங்கமும் விழலாம். எனவே சேர்த்து ஒரே தடவையாக வாங்குவதே கணக்குக்குச் சரி.

டச்சு விற்பனையாளர்கள் 5 சென்ட்டை ஸ்டைவர், 10 சென்ட்டை டுப்பல்த்யே, 25 சென்ட்டை க்வார்ட்யே என்று எழுதுவார்கள். தரத்தை ஃப்ராய், ஸேர் ஃப்ராய், ப்ராக்டிக், எஃப்டிசி என்று ஏறுவரிசையில் சொல்வார்கள். ஃப்ராய் என்றால் நன்றாகத் தேய்ந்த காசு, எஃப்டிசி என்றால் நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது. துத்தநாகத்தில் ப்ராக்டிக்குக்குக் கீழே எனக்கு நாட்டமில்லை. விலை வித்தியாசம் அப்படி ஒன்றும் பெரிதல்ல. விளம்பரத்தில் நேர்முகமாக எடுத்த படம் மட்டும் இருந்தால், பக்கவாட்டு ஒளியில் ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் அதே காசு வேறு யாரிடமாவது இருக்கும்.

ஆண்டுகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 1 சென்ட் 1941 முதல் 1944 வரை நான்கு ஆண்டும் உண்டு. 2½ சென்ட் 1941, 1942 மட்டும். 5, 10, 25 சென்ட் மூன்றும் 1941 முதல் 1943 வரை. அரிதான அந்த ஒன்று 1942 ஆம் ஆண்டின் 2½ சென்ட். அதற்குக் கேட்கும் விலையில் மற்ற எல்லாவற்றையும் நல்ல நிலையில் வாங்கிவிடலாம். தொடங்கும்போது அதை நினைக்கவே வேண்டாம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஆண்டின் கடைசி இலக்கத்தை லென்ஸில் பாருங்கள். 1941 சர்வ சாதாரணம், 1942 அரிது என்னும்போது, ஒன்றை இரண்டாக்கும் ஆசை யாருக்கும் வரலாம். அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளமும் மற்ற மூன்று இலக்கங்களைச் சுற்றியுள்ள தளமும் ஒரே நிறத்தில், ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. 1944 ஆம் ஆண்டு 10 சென்ட், 25 சென்ட் கண்ணில் பட்டால் அது துத்தநாகம் அல்ல, வெள்ளி. அரசியின் தலையும் இருக்கும். விடுதலைக்குப் பிறகு புழங்கவிட அமெரிக்க நாணயச்சாலைகளில் அடித்தவை. பிலடெல்பியாவில் அடித்ததில் பி என்ற எழுத்தும் ஒரு ஓக் கொட்டைச் சின்னமும் காணலாம். உட்ரெக்ட்டில் சிலுவைச் சென்ட் அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் கடலுக்கு அப்பால் அரசியின் காசு தயாராகிக்கொண்டிருந்தது. என் ஆல்பத்தில் 1944 இன் துத்தநாக 1 சென்ட்டையும் அமெரிக்க வெள்ளி 10 சென்ட்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தொகுப்புக்குள் வராத காசானாலும் அந்த ஒன்றை மட்டும் நீங்களும் வாங்குங்கள்.

ஆறாம் படி: சோதிப்பது

தராசில் வையுங்கள். 25 சென்ட் ஏறத்தாழ 5 கிராம், 10 சென்ட் 3.3, சதுர 5 சென்ட் 2.6, 2½ சென்ட்டும் 1 சென்ட்டும் ஆளுக்கு 2. அரித்த காசு கொஞ்சம் குறைவாக நிற்கும். காந்தம் துத்தநாகத்தை இழுக்காது. ஒட்டினால் அது இரும்போ நிக்கலோ, வேறு காசு.

இன்னும் சந்தேகமிருந்தால் நீர்ச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 25 சென்ட்டுக்குத் தராசு 0.70 காட்ட வேண்டும். 5 ஐ அதால் வகுத்தால் 7.14, துத்தநாகத்தின் அடர்த்தி. சோதனை முடிந்த கையோடு மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், விசிறிக் காற்றில் காயவிடுங்கள். எல்லாக் காசுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. தண்ணீரும் துத்தநாகமும் அடிக்கடி சந்திக்காமல் இருப்பது நல்லது.

ஏழாம் படி: சுத்தம் செய்யாதீர்கள்

நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கு மங்கினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். அந்தக் கை தானாகவே காசின் பக்கமும் போகும். போகவிடாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். துத்தநாகத்தில் பட்டதும் குமிழி வரும். அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது உலோகம் கரைந்து வெளிவரும் ஹைட்ரஜன். அமிலம் வேண்டாம், சோடா போடுகிறேன் என்றாலும் தப்ப முடியாது. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். விபூதி, பற்பசை, பித்தளை பாலிஷ் எல்லாமே மென்மையான இந்த உலோகத்தில் கீறல் போடும். வெள்ளிக்கான முக்குத் திரவம் சில நொடிகளில் காசைக் கருக்கிவிடலாம்.

செய்யக்கூடியது ஒன்றே. பழைய பிளாஸ்டிக் உறையின் பிசுபிசுப்போ ஒட்டுநாடாவின் பசையோ இருந்தால், கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிடம் போட்டு எடுத்து, தேய்க்காமல் காயவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் ஊதுவத்திக்கும் எட்டச் செய்யுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. அசிட்டோன் வெள்ளைப் பொடியையோ கரும்புள்ளியையோ எடுக்காது. எடுக்கவும் வேண்டாம்.

எட்டாம் படி: வைத்திருப்பது

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொழும்பு என்று கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஈரக்காற்றும் உப்பும் சேர்ந்தால் துத்தநாகத்துக்கு ஆகாது. டச்சுக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டியில் எண்பது ஆண்டு வைத்திருந்த காசு நம் ஊர் ஐப்பசியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மலிவான, வளைந்துகொடுக்கும், நெடி வீசும் பிளாஸ்டிக் ஆல்பம் பெரும்பாலும் பிவிசி. நாளடைவில் அதிலிருந்து அமில ஆவி கசியும். பாலியெஸ்டர் உறை, அல்லது உள்ளே பாலியெஸ்டர் படலம் வைத்த அட்டைச் சட்டம் வாங்குங்கள். அட்டையை ஸ்டேப்ளர் ஊசி போட்டு அடைத்தால் ஊசியைத் தட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். நல்ல காசுக்குக் கெட்டியான அக்ரிலிக் கூடு தகும். மரப்பெட்டி பார்க்க அழகு. ஆனால் மரம், முக்கியமாக ஓக், அசிட்டிக் அமில ஆவி விடும். ஈயமும் துத்தநாகமும் அதை முகர்ந்தே கெடும். பழுப்புக் காகித உறையும் செய்தித்தாளும் வேண்டாம். பாச்சா உருண்டை புடவைப் பெட்டியோடு நிற்கட்டும்.

உறையிட்ட காசுகளை இறுக்கமாக மூடும் பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் வைத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை ஓரத்தில் போடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் சூடாக்கித் திரும்பப் போடலாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள், மற்ற நாளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வெள்ளை பூத்த காசை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்துவிடுங்கள். மேலே மெழுகு பூசிக் காக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நான் பூசுவதில்லை, மெழுகுக்கடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது.

ஒன்பதாம் படி: எழுதிவைப்பதும் அடுத்த நாடும்

ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய தேதி, விலை, எடை, அன்று பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம். எடையும் படமும்தான் முக்கியம். ஒரு வருடம் கழித்துப் புள்ளி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று மனதை நம்பிச் சொல்ல முடியாது, படத்தை நம்பிச் சொல்லலாம்.

பதினான்கும் சேர்ந்தபின் பெல்ஜியம் போகலாம். முதல் உலகப்போரில் 1915 முதலே ஜெர்மானியர் அங்கே துத்தநாகக் காசு அடித்தார்கள்; இரண்டாம் போரில் மறுபடி அடித்தார்கள். இரண்டாவது முறை, ஒரே காசில் பிரெஞ்சுப் பெயர் முன்னும் டச்சுப் பெயர் பின்னும், மாறி டச்சு முன்னும் பிரெஞ்சு பின்னுமாக இரண்டு வகை வந்தன. அதனால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 1944 இல் விடுதலையானபிறகும் 1947 வரை துத்தநாகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பெல்ஜியத் துத்தநாகம் எல்லாமே ஆக்கிரமிப்புக் காசு என்று விற்பவர் சொன்னால் ஆண்டைப் பாருங்கள்.

போலந்தில் ஆண்டைப் பார்த்தும் பயனில்லை. அங்கே ஆக்கிரமிப்பாளர் வார்சா நாணயச்சாலையில் பழைய போலந்துக் காசின் வடிவத்தையே துத்தநாகத்தில் அடித்தார்கள். கழுகும் இருக்கும், தாங்களே ஒழித்துவிட்ட போலந்துக் குடியரசின் பெயரும் இருக்கும். 10, 20 க்ரோஷ் காசுகளில் 1923 என்ற பழைய ஆண்டே நிற்கும். உண்மையான 1923 காசு நிக்கல், காந்தம் இழுக்கும். 1940களில் அடித்த துத்தநாகம் அசையாது. 5 க்ரோஷில் 1939 என்று இருந்து நடுவில் துளையும் இருந்தால் அது ஆக்கிரமிப்புக் காலத்தது, துளையில்லாத வெண்கலம் பழையது. 1938 என்று போட்ட 50 க்ரோஷ் மட்டும் இரும்பு. அதைக் காந்தம் இழுக்கும், ஆனால் அதுவும் ஆக்கிரமிப்புக் காசுதான்.